கடல் அல்லி நகருமா?

போன வருஷம் ஒரு பள்ளியில் புதைபடிவங்கள் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கையில் இருந்த நாலைந்து கற்களை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அதில் ஒன்று, நண்பர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த குட்டிக் கல்வில்லை. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். நடுவில் ஒரு துளை, சுற்றிலும் சூரியக்கதிர் மாதிரி மெல்லிய கோடுகள். பிள்ளைகள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். இது கடல் அல்லி என்ற விலங்கின் காம்புத் துண்டு, 30 கோடி வருஷத்துக்கும் மேலே பழையது, இதன் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் ஆழ்கடலில் உயிரோடு இருக்கிறார்கள், பூ மாதிரி தரையில் நின்றுகொண்டு தண்ணீரில் வருவதைத் தின்னும், நகராது என்று சொன்னேன்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், அது நகராதுன்னா, யாராவது அதைத் திங்க வந்தா என்ன சார் பண்ணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணாதும்மா. நின்னுட்டே இருக்கும். அவ்வளவுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

பதில் தப்பு. வீட்டுக்கு வந்து வேறு எதற்கோ படித்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. தப்பு என்று தெரிந்த பிறகு, அது எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேடக் கதை நீண்டுகொண்டே போனது. இதே தப்பை என்னைவிடப் பெரிய ஆட்கள் வெகுகாலம் செய்திருக்கிறார்கள். அதைவிட வேடிக்கை, சரியான பதிலை ஒருவர் 1873இலேயே அச்சில் போட்டுவிட்டார். அந்தக் கதைதான் இது.

முதலில் அந்தக் கல்வில்லை. இங்கிலாந்தின் வடகிழக்கு ஓரத்தில் லிண்டிஸ்ஃபார்ன் என்று ஒரு தீவு. அதன் கரையில் இந்த வில்லைகள் அலையில் ஒதுங்கும். அங்கே வாழ்ந்த துறவி கத்பர்ட்டின் பெயரால் அவற்றைப் 'புனித கத்பர்ட் மணிகள்' என்றார்கள். துளை இருக்கிறதே, கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளத் தோதுதான். ஜெர்மனியில் இதே வில்லைகள் புனித போனிஃபாஸின் காசு. சில வில்லைகள் வட்டமாக இல்லாமல் ஐந்து முனை நட்சத்திரமாக இருக்கும். அவற்றை நட்சத்திரக் கல் என்றார்கள், வானத்திலிருந்து விழுந்தவை என்றும் நம்பினார்கள். 1546இல் அக்ரிகோலா என்ற ஜெர்மானிய அறிஞர் இவற்றுக்கெல்லாம் லத்தீனில் தனித்தனியாகப் பெயர் வைத்தார். ஆனால் இவை ஒரே உடம்பின் துண்டுகளாக இருக்கலாம் என்று சொல்ல யாரிடமும் முழு உடம்பு இல்லை. 1673இல் மார்ட்டின் லிஸ்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் இவற்றை விவரித்து எழுதியபோது வைத்த தலைப்பே செடி போல உருவான கற்கள் என்பதுதான். செடியா, கல்லா என்பதுதான் அன்றைய வழக்கு. விலங்கு என்பது பேச்சிலேயே இல்லை.

அப்புறம் 1755. பாரிஸில் மேடம் புவாஷுர்தேன் என்ற சீமாட்டியிடம் ஒரு அபூர்வப் பொருள் சேகரிப்பு இருந்தது. அந்தக் காலத்துப் பணக்கார வீடுகளில் இது ஒரு மோஸ்தர்: சங்கு, பவளம், பாடம் செய்த பறவை எல்லாம் அலமாரியில் அடுக்கி வைப்பார்கள். அதில் கரீபியன் கடலின் மார்ட்டினிக் தீவிலிருந்து வந்த ஒரு காய்ந்த பொருள். 'கடல் பனை' என்று பெயர் வைத்திருந்தார்கள். நீளமான காம்பு, உச்சியில் ஓலை விரித்த மாதிரி கைகள். ழான் எத்தியன் கெத்தார் என்ற இயற்கை அறிவியலாளர் அதைப் பார்க்கிறார். பிரான்சின் நடுவே இருக்கும் ஓவெர்ன் மலைகள் அணைந்துபோன எரிமலைகள் என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் இவர்தான்; பழகிய பொருளைப் புதுசாகப் பார்க்கத் தெரிந்த ஆள். காம்பை உற்றுப் பார்த்தால் அது ஒரே தண்டு இல்லை, வில்லை மேல் வில்லையாக அடுக்கியது. ஒவ்வொரு வில்லையும் ஐந்து முனை நட்சத்திரம்!

அந்த ஒரு பார்வையில் இருநூறு வருஷக் குழப்பம் தீர்ந்தது. நட்சத்திரக் கல் வானத்திலிருந்து விழவில்லை, மண்ணில் தானாக விளையவும் இல்லை. ஒரு கடல் உயிரின் முதுகெலும்பு மாதிரியான காம்பு, உதிர்ந்து கல்லானது. கெத்தார் இதை பாரிஸ் அறிவியல் கழகத்தில் கட்டுரையாக வாசித்தார். அன்றைக்கு வாழும் காம்புள்ள கடல் அல்லி என்று விஞ்ஞானத்துக்குத் தெரிந்தது அந்த ஒரே உடல்தான். இன்று அந்த இனத்துக்குப் பெயர் சீனோகிரைனஸ் ஆஸ்டீரியஸ். கரீபியன் பகுதியில் சுமார் 200 மீட்டருக்குக் கீழே வாழ்கிறது. காம்பு அரை மீட்டருக்கு மேல் வளரும்.

1761இல் பார்படாஸ் தீவிலிருந்து இன்னொரு உடல் லண்டன் வந்தது. அதை விவரித்த ஜான் எல்லிஸ், தலைப்பிலேயே 'கணுக்காம்பு கொண்ட நட்சத்திர மீன்' என்று போட்டார். சரியான சொந்தத்தைப் பிடித்துவிட்டார். ஆனால் 1767இல் லின்னேயஸ் இதற்கு லத்தீன் பெயர் வைத்தபோது கொண்டுபோய்ச் சேர்த்தது பவளக் குடும்பத்தில். ஒட்டிக்கொண்டு நிற்பது, கிளை விட்டது, கல் மாதிரி கெட்டி, ஆகவே பவளம். கடைசியில் 1821இல் பிரிஸ்டல் நகரத்து மில்லர் என்பவர் இந்தக் கூட்டத்துக்கு மொத்தமாகக் கிரைனாய்டு என்று பெயர் வைத்தார். லில்லி வடிவ விலங்குகள். பெயர் நிலைத்துவிட்டது.

பெயரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. லில்லி வேறு, அல்லி வேறு. கிரேக்கச் சொல் குறிப்பது தோட்டத்து லில்லியை. தமிழில் யாரோ 'கடல் அல்லி' என்று ஆக்கினார்கள். ஓசைக்காகச் செய்தார்களோ என்னவோ, எனக்கு அது மூலத்தைவிடப் பொருத்தமாகப் படுகிறது. குளத்தடியிலிருந்து நீளக்காம்பு, மேலே பூ. ஆனால் அதே பெயர்தான் என்னை அன்றைக்கு வகுப்பில் கவிழ்த்ததும். அல்லி என்றாலே சேற்றில் வேர் விட்டு நிற்கும் ஒன்று மனசில் வந்துவிடுகிறது. குளத்து அல்லி எழுந்து அடுத்த குளத்துக்குப் போகாது, இல்லையா?

உண்மையில் இது என்ன என்று கேட்டால், ஒரு நட்சத்திர மீனை மல்லாக்கப் போட்டு முதுகில் ஒரு கம்பைச் செருகியதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை எல்லாம் சேர்ந்த முட்தோலிகள் கூட்டத்தில் இதுவும் ஒன்று. எல்லாம் ஐந்தின் மடங்கு. நட்சத்திர மீனுக்கு வாய் தரையைப் பார்த்து. இதற்கு வாய் மேலே. காம்பின் உச்சியில் சின்னக் கிண்ணம், அதற்குள் குடல் வகையறா. கிண்ணத்தின் விளிம்பிலிருந்து கைகள். கைகளின் இரு பக்கமும் இறகுத்தூவல் மாதிரி சிறுகிளைகள், அவற்றில் வரிசையாக நுண்ணிய குழாய்க்கால்கள். மூளை என்று தனியாக ஒன்று கிடையாது. எலும்பு எல்லாம் சுண்ணாம்பு. வில்லைகளை இழுத்துக் கட்டியிருக்கும் நார்களை நரம்பின் கட்டளைப்படி இறுக்கவும் தளர்த்தவும் இதனால் முடியும். இந்த நார் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

வரலாற்றுக்குத் திரும்புவோம். 1823இல் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் ராணுவ மருத்துவர் ஜான் வான் தாம்சன் வலையில் முக்கால் அங்குலத்தில் ஒரு குட்டிக் கடல் அல்லி கிடைத்தது. கரீபியன் ஆழத்து அபூர்வம் ஐரோப்பாவின் வாசலிலேயே! புது இனம் என்று 1827இல் அறிவித்தார். ஆனால் ஒன்று அவரை உறுத்தியது. ஒரு குறிப்பிட்ட பருவம் வரைதான் இந்தக் குட்டிகள் கிடைக்கின்றன, பிறகு காணாமல் போகின்றன. அதே சமயத்தில் இறகு நட்சத்திரங்களின் சின்னஞ்சிறு குஞ்சுகள் தோன்றுகின்றன. இறகு நட்சத்திரம் என்பது காம்பில்லாமல் திரியும் விலங்கு. நம் மன்னார் வளைகுடாப் பவளத்திட்டுகளிலும் உண்டு. 1836இல் தாம்சன் முடிச்சை அவிழ்த்தார்: இரண்டும் ஒன்றுதான். இறகு நட்சத்திரம் சிறுபிள்ளையில் காம்பில் நிற்கும். வளர்ந்ததும் காம்பிலிருந்து கழன்று கிளம்பிப்போய்விடும்.

யோசித்துப் பாருங்கள். காம்பில் நிற்கும் ஒன்று, நேரம் வந்ததும் கழற்றிக்கொண்டு போகும் என்பது 1836லேயே நிரூபணமாகிவிட்டது. ஆனால் அதிலிருந்து எல்லாரும் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. காம்போடு கடைசிவரை நிற்பவை பழங்காலத்தவை, வளராத பிள்ளைகள், அழிந்து தேய்ந்த குலத்தின் மிச்சம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இந்த மிச்சம்தான் அடுத்து ஒரு பெரிய வேலையைச் செய்தது. எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற இளைஞர் 1841-42இல் 'பீக்கன்' என்ற கப்பலில் ஏஜியன் கடலில் அடிமண்ணை வாரிப் பார்த்தார். ஆழம் கூடக் கூட உயிர்கள் குறைந்தன. அந்தக் கோட்டை அப்படியே நீட்டினால் சுமார் 300 பாகத்தில் பூஜ்யம் வருகிறது. ('பாகம்' என்று நான் கடன் வாங்கவில்லை, நம் கடற்கரைக்காரர்கள் இரண்டு கையையும் விரித்து அளக்கும் அதே ஆறடிதான் ஆங்கிலேய மாலுமியின் அளவும்.) அதற்குக் கீழே வெறும் இருட்டு, குளிர், அழுத்தம். உயிர் இல்லை. எதிர்ச்சாட்சி இல்லாமல் இல்லை. 1818லேயே ஜான் ராஸின் கப்பல் பாஃபின் விரிகுடாவில் ஃபோர்ப்ஸ் கோட்டுக்கு வெகு கீழேயிருந்து கூடை நட்சத்திரம் ஒன்றை இழுத்திருந்தது. 1860இல் மத்தியதரைக் கடலில் அறுந்துபோன தந்திக் கம்பியை ஆழத்திலிருந்து தூக்கினால் அதில் பவளம் ஒட்டி வளர்ந்திருந்தது. வரும் வழியில் மாட்டியிருக்கும் என்று தள்ளிவிட முடிந்தவர்கள் தள்ளினார்கள்.

1864இல் நார்வே அரசு கெயார்க் ஒசியன் சார்ஸ் என்ற இளைஞரை லொஃபோட்டன் தீவுகளுக்கு அனுப்பியது. வேலை காட் மீன் ஆராய்ச்சி. அங்கே 300 பாகத்தில், அதாவது ஃபோர்ப்ஸ் பூஜ்யம் போட்ட இடத்திலேயே, அடிமண்ணை வாரியபோது விரல் நீளத்தில் ஒரு காம்பு உயிரி வந்தது. அப்பா மைக்கேல் சார்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். மைக்கேல் சார்ஸ் பல வருஷம் மேற்குக் கடற்கரைச் சபைகளில் பாதிரியாக இருந்துகொண்டே கடல் உயிர்களைப் படித்து, பிறகு பேராசிரியர் ஆனவர். பார்த்ததும் புரிந்துவிட்டது. இது இறகு நட்சத்திரத்தின் குழந்தை அல்ல, வளர்ந்த விலங்கு. நெருங்கிய சொந்தமோ சுண்ணாம்புப் பாறைக் காலத்துப் புதைபடிவம். ரைசோகிரைனஸ் லொஃபோடென்சிஸ் என்று பெயரிட்டு 1868இல் விரிவாக எழுதினார். அடுத்த வருஷம் காலமானார்.

இதைப் பார்க்கவென்றே நார்வே போனவர் பெல்ஃபாஸ்ட் பேராசிரியர் வைவில் தாம்சன். (முந்தைய தாம்சனுக்கும் இவருக்கும் உறவில்லை, எழுத்துக்கூட்டும் வேறு.) இவரும் லண்டனில் இருந்த வில்லியம் கார்ப்பென்டரும் அப்போது ஒரே விஷயத்தில்தான் மூழ்கியிருந்தார்கள்: இறகு நட்சத்திரத்தின் காம்புப் பருவம். பெரிய கடல் பயணங்களின் வரலாற்றைப் படிக்கும்போது இது கண்ணில் படாமல் போய்விடுகிறது. கடற்படைக் கப்பல் கேட்டு ராயல் சொசைட்டியை அசைத்த இரண்டு பேரும் கடல் அல்லிப் பைத்தியங்கள். 1868இல் 'லைட்னிங்' என்ற ஓட்டைக் கப்பல் கிடைத்தது. 1869, 70இல் 'போர்க்குப்பைன்'. அது கொண்டுவந்த பலனால் 1872 டிசம்பரில் 'சேலஞ்சர்' கிளம்பியது. மூன்றரை வருஷம், ஏறத்தாழ 69,000 கடல் மைல், பிறகு 50 தொகுதி அறிக்கை. கடலியல் என்ற துறையே அங்கிருந்துதான் என்பார்கள். விரல் நீளக் காம்பு ஒன்று மட்டுமே காரணம் என்று சொன்னால் மிகை. அதுவும் ஒரு காரணம் என்பது மிகை இல்லை.

ஆனால் நான் தேடிக்கொண்டிருந்தது 'சேலஞ்சர்' பெருமையை அல்ல. 'போர்க்குப்பைன்' 1870இல் போர்ச்சுக்கல் கரைக்கு அப்பால் ஆயிரம் பாகத்துக்கும் கீழேயிருந்து ஒரு புதுக் கடல் அல்லியைக் கொத்தாகத் தூக்கியது. தாம்சன் தன் 'தி டெப்த்ஸ் ஆஃப் தி சீ' என்ற 1873ஆம் வருஷப் புத்தகத்தில் அதை விவரிக்கிறார். காம்பின் அடிமுனையைப் பார்த்திருக்கிறார். வேர் இல்லை. பாறையிலிருந்து பிய்த்த அடையாளமும் இல்லை. முனை மழுங்கி வழவழவென்று தேய்ந்திருந்தது. சுற்றியிருந்த பற்றிழைகள் கீழ்நோக்கி வளைந்திருந்தன. ஆகவே இது சேற்றில் லேசாக ஊன்றியிருக்கும், நினைத்தபோது கிளம்பி இடம் மாறும், சந்தேகமே வேண்டாம் என்று எழுதிவிட்டார். கையை அடித்து நீந்தும் என்று நினைத்தார், அது ஒன்றுதான் பொருந்தவில்லை.

இதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. 1873. செத்த உடம்பின் அடிமுனையை மட்டும் பார்த்து.

அதோடு நிற்கவில்லை. சில வருஷம் கழித்து அமெரிக்கரான அலெக்சாண்டர் அகாசிஸ், 'பிளேக்' கப்பலில் கரீபியன் பக்கம் இவற்றை உயிரோடு தொட்டியில் வைத்துப் பார்த்தார். காம்பு விறைப்பாகவே நிற்கவில்லை, மெல்ல வளைந்து சாய்ந்தது. பற்றிழைகள் கைகளைவிடச் சுறுசுறுப்பு. கொக்கி மாதிரி பக்கத்தில் இருப்பதைப் பிடித்தன. வில்லியம் கார்ப்பென்டரின் மகன் ஃபிலிப் ஹெர்பர்ட் கார்ப்பென்டர் 1884இல் 'சேலஞ்சர்' அறிக்கையின் காம்புக் கடல் அல்லித் தொகுதியை எழுதியபோது இதையெல்லாம் பதிவும் செய்தார். விஷயம் தெரிந்தவர்களின் அலமாரியில் விடை உட்கார்ந்திருந்தது.

ஆனாலும் பாடப் புத்தகப் படத்தில், அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பழங்காலக் கடல் காட்சியில், கடல் அல்லி மட்டும் பூந்தொட்டி மாதிரி நேராக நின்றது. கைகளைக் கிண்ணம்போல் மேலே விரித்து, மேலிருந்து உதிரும் துணுக்குக்காகக் காத்திருந்தது. ஏன் என்று எனக்குத் தோன்றுவது இது: பார்த்தவர்களில் பெரும்பாலானோர் புதைபடிவக்காரர்கள். கல்லில் எதுவும் நகராது. உயிருள்ளதைப் பார்க்க வேண்டுமானால் பல நூறு மீட்டர் கீழே போகவேண்டும், போக வழியில்லை. அந்த இடைவெளியை ஒரு பூ நிரப்பிவிட்டது.

வழி கிடைத்தது நீர்மூழ்கி வந்த பிறகுதான். டொனால்ட் மக்கர்டா, டேவிட் மேயர் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் ஜமைக்கா கரையோரம் சின்ன நீர்மூழ்கியில் இறங்கிப் பார்த்ததை 1974இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பார்த்தவற்றில் ஒன்று கெத்தாரின் அதே சீனோகிரைனஸ். முதல் உடலை விவரித்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கிண்ணமும் இல்லை, மேலே பார்த்துக் காத்திருப்பதும் இல்லை. நீரோட்டத்துக்குக் குறுக்கே காம்பின் தலையைச் சாய்த்து, கைகளை ஓட்டம் வரும் பக்கமாகப் பின்னால் வளைத்து, காற்றில் மடங்கிய குடை மாதிரி விரித்து வைத்திருந்தது. வாய் இருந்தது ஓட்டம் போகும் பக்கம். முதலில் எனக்கு இது தலைகீழாகப் பட்டது. வரைந்து பார்த்தால்தான் புரிகிறது: தண்ணீர் இறகுகளின் இடுக்கில் வடிகட்டிப் போகும்போது, பின்பக்கத்தில் வேகம் தணிந்த இடத்தில் குழாய்க்கால்கள் துணுக்கைத் தட்டிப் பள்ளத்தில் போடுகின்றன, பள்ளம் வழியாக அது வாய்க்கு வந்து சேர்கிறது. மழைக்கு ஏந்திய கை இல்லை இது, ஓடையில் கட்டிய வலை.

வலை கட்டுபவன் ஓட்டம் மாறினால் இடம் மாற்றவும் வேண்டும்தானே? கரீபியனில் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப இறங்கியவர்கள், முன்பு பார்த்த கடல் அல்லிகள் வேறு இடத்தில் இருப்பதை 1988இல் எழுதினார்கள். சரி, நகர்கிறது. ஆனால் நத்தை வேகம் என்று சொன்னால் நத்தை கோபித்துக்கொள்ளும். மணிக்கு ஒரு மீட்டர்கூட வராது என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

பிறகு 2005. டோமாஷ் பௌமில்லர், சார்ல்ஸ் மெஸ்ஸிங் இருவரும், கிராண்ட் பஹாமா தீவருகே 400 மீட்டருக்கும் கீழே சில வருஷம் முன்பு எடுத்த நீர்மூழ்கி வீடியோக்களைத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் நியோகிரைனஸ் டெக்கோரஸ் என்ற கடல் அல்லி ஒன்று தரையில் படுத்திருக்கிறது. அப்புறம் கைகளை முன்னால் ஊன்றுகிறது, உடம்பை இழுக்கிறது, மறுபடி ஊன்றுகிறது. காம்பு பின்னால் வால் மாதிரி இழுபட்டுக்கொண்டு வருகிறது. முழங்கையால் தவழும் சிப்பாய் மாதிரி. கணக்குப் போட்டால் விநாடிக்கு நாலு சென்டிமீட்டர் சுமார். அதே ஓட்டம் நீடித்தால் மணிக்கு 140 மீட்டர். அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. பூ ஒன்று தவழ்வதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பூ இல்லை என்று தெரிந்தும்.

எதற்கு இந்த அவசரம்? இங்கேதான் அந்தப் பெண்ணின் கேள்வி வருகிறது. அதே வீடியோக்களில், அதே இடத்தில், கடல் முள்ளெலிகள் இருந்தன. கடல் அல்லிக் கூட்டத்துக்கு நடுவே திரிந்தன. முள்ளெலியைப் பிடித்து வயிற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே கடல் அல்லியின் வில்லைகள். ஆக, திங்க வருகிறார்கள். வந்தால் கடல் அல்லி என்ன செய்கிறது? காம்பைக் கணுவில் துண்டித்துவிடுகிறது. அந்த நார்கள் ஞாபகம் இருக்கிறதா, இறுக்கித் தளர்த்தக்கூடியவை என்றேனே? வில்லை அடுக்கில் நிர்ணயித்த சில இடங்களில் அவை விட்டுக்கொடுத்துவிடும். காம்பின் அடித்துண்டு முள்ளெலிக்கு. மீதி உடம்பு தவழ்ந்து போய்விடும். முள்ளெலி அதைவிட மெதுவான பிராணி. பல்லி வால் என்ற உவமையை நான் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அந்த விஞ்ஞானிகளே சொன்னார்கள்.

தாம்சன் பார்த்த மழுங்கிய அடிமுனைகள் இந்த மாதிரிக் கணுவில் கழன்ற இடங்கள்தான்.

இதில் ஒரு நீண்ட கணக்கு இருக்கிறது. டைனோசர்களுக்கு முந்தைய காலத்தில் காம்புக் கடல் அல்லிகள் ஆழமற்ற கடல்களில் காடு மாதிரி நின்றன. அவற்றின் வில்லைகளே குவிந்து பாறையான இடங்கள் உண்டு. என் கையில் இருக்கும் வில்லை அப்படி ஒரு பாறையிலிருந்து வந்ததுதான். பெர்மியன் முடிவின் பேரழிவில் இந்தக் குலமே அறுந்துபோகப் பார்த்தது. தப்பியவற்றின் வாரிசுகளில்தான் நகரும் காம்புகள் தோன்றின. போலந்தின் டிரையாசிக் பாறைகளில் கிடைத்த காம்புத் துண்டுகளில் முள்ளெலிப் பல்லின் தடம் இருப்பதை 2010இல் காட்டினார்கள். கடித்தவர்களும் கடிபட்டவர்களும் அன்றைக்கே ஒன்றாக இருந்திருக்கிறார்கள். பிற்பாடு மீன்களும் பெருகியபோது காம்புள்ளவை ஆழத்துக்குப் போய்விட்டன, காம்பைக் கழற்றிப்போட்ட இறகு நட்சத்திரங்கள் பவளத்திட்டுகளில் தங்கின. இன்று காம்புள்ளவை நூறு இனத்துக்கும் குறைவு. காம்பில்லாதவை பல நூறு. நடுக்கடலின் ஆழம் இவற்றுக்கு ஓய்வூர் அல்ல, ஒதுங்கிய இடம். அங்கேயும் முள்ளெலி தேடி வந்துவிட்டது.

எல்லாக் கடல் அல்லியும் தவழும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது, அது அடுத்த தப்பு. சார்ஸின் ரைசோகிரைனஸ் பெயரிலேயே வேர் இருக்கிறது. கிளைத்த வேரிழைகளால் சேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது. சில இனங்கள் பாறையில் சிமெண்ட் பூசிய மாதிரி ஒட்டியிருக்கும். அவற்றைத் திங்க வந்தால் என் பழைய பதில் கிட்டத்தட்ட பொருந்தும்.

ஆசிரியரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், பிள்ளைகளிடம் திருத்திச் சொல்ல வேண்டும் என்றேன். "பரவால்ல சார், அவங்க மறந்திருப்பாங்க" என்றார். பெரும்பாலோர் மறந்துதான் இருந்தார்கள். அந்தப் பெண் மறக்கவில்லை. ஒரு பக்கம் எழுதி, வீடியோவிலிருந்து இரண்டு படம் அச்செடுத்து அனுப்பினேன். பத்து நாள் கழித்து ஆசிரியர் மூலமாக அவள் கேள்வி திரும்பி வந்தது: கணுக் கணுவா விட்டுட்டுப் போனா ஒருநாள் காம்பே தீர்ந்துபோகாதா சார்?

இந்த முறை படித்துவிட்டுத்தான் பதில் எழுதினேன். தீராதும்மா. காம்பு வளர்வது அடியிலிருந்து இல்லை. கிண்ணத்துக்கு நேர் கீழே, கழுத்தில், புது வில்லைகள் உருவாகி உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். பழையவை கீழே தள்ளப்படும். நம் நகம் மாதிரி. அடியில் போகும் துண்டுதான் இருப்பதிலேயே கிழம்.